வரிசையில் விக்டோரியா

மணவாள நகர் ஸ்கேட்டிங் தளத்தின் கம்பிக் கதவைப் பிடித்தபடி சாம்சன் நிற்கிறான். காலை ஷிஃப்ட் முடிந்து, மகள் சுகிர்தாவை அழைத்துப்போகக் கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராக வந்திருக்கிறான். மகளோ காலில் சக்கரம் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்து சுண்டல் தின்கிறாள். தளத்தில் எட்டுப் பெண்கள் கைகோத்து ஒரே வரிசையாகச் சுழல்கிறார்கள். சக்கரங்களின் இரைச்சல் ஒன்றாக எழுந்து ஒன்றாகத் தணிகிறது. சாய்வெயில் சிமெண்டுத் தரையில் பட்டு அவன் கண்ணைக் கூசவைக்கிறது. வரிசையின் கடைசியில், எல்லாரையும்விட வேகமாக ஓடவேண்டிய இடத்தில், அவன் மனைவி விக்டோரியா. ரோட்டைக் கடக்கக்கூட அவன் சட்டையைப் பிடித்துக்கொள்கிறவள், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, ஒற்றைக் காலில் வருகிறாள்.

“இன்னா பாப்பா இது? அது அம்மாவா?”

“அம்மாதான்பா. மழைக்கு முன்னாடிலேர்ந்து கத்துக்குனு இருக்குது. நீ திட்டுவேன்னு சொல்லல. இன்னிக்குத்தான் டீம்ல சேத்துக்குனாங்க.”

“ஏய் விக்...” என்று அவன் கத்தத் தொடங்குகிறான். சுகிர்தா பாய்ந்துவந்து அவன் வாயைப் பொத்துகிறாள். “கூப்புடாதப்பா! அம்மா நின்னுச்சுன்னா எல்லாரும் வுழுந்துடுவாங்க.”

வரிசை அவன் பக்கம் வளைகிறது. விக்டோரியா அவனைப் பார்த்துவிடுகிறாள். கண்கள் விரிகின்றன, பக்கத்துப் பெண்ணின் கையை மட்டும் அவள் விடவில்லை. அவன் முகத்தில் காற்று அடிக்கக் கடந்து போகிறாள். மகளின் கைக்குள் சாம்சனின் வாய் இன்னும் திறந்தே இருக்கிறது. விக்டோரியா விழுந்துவிடுவாளோ என்று, மூச்சைக்கூட மெல்ல விடுகிறான்.