தகரச் சத்தம்

அதட்டியபடி தகரத்தைத் தடியால் படாரென்று அடித்தார் கூண்டுகளைக் கவனிக்கும் முசுடு. கூண்டுக்குள் இருந்த குட்டிக் குரங்கு பதறிப்போய் மூலையில் ஒண்டிக்கொண்டது. அதன் பிறகே சாப்பாட்டுத் தட்டை உள்ளே தள்ளினார்.

விலங்குக் காப்பகத்தில் புதிதாகச் சேர்ந்த நர்ஸுக்கு வயிறு எரிந்தது. மின்கம்பியில் அடிபட்டு, கை வெந்துபோய் வந்த குட்டி அது. அதனிடம் போய் இப்படியா? அவர் முகத்தில் முகமூடி வேறு. முசுடு என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

ஒருநாள் கேட்டேவிட்டாள். "ஏண்ணா, உங்களுக்கு ஈவு இரக்கமே கிடையாதா?"

"மனுஷனைக் கண்டா அது ஓடணும்மா. அப்பதான் காட்டுல பிழைக்கும். இங்க யாரும் அதைக் கொஞ்சக் கூடாது."

நன்றாகக் கதை விடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். அவர் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து, வெள்ளைக் கோட்டுப் பையில் பிஸ்கட்டோடு கூண்டுக்குப் போவாள். தலையைத் தடவிக் கொடுப்பாள். குட்டி அவள் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. பாவம், அதற்கென்று ஒரு ஆளாவது வேண்டாமா?

மூன்று மாதத்தில் புண் ஆறியது. காட்டில் விடுவதற்கு முன் கடைசியாக ஒரு சோதனை பாக்கி. டாக்டர் கூண்டருகே போய் சும்மா நிற்பார். குரங்கு விலகி ஓடினால் காடு. கிட்டே வந்தால் ஆயுசு முழுக்கக் கூண்டுதான். ஆளைத் தேடி ஊருக்குள் வரும் குரங்கை அடித்தே கொன்றுவிடுகிறார்களாம். டாக்டர் இதைச் சொன்னபோது நர்ஸ் தன் கோட்டுப் பையைக் கையால் மூடிக்கொண்டாள்.

டாக்டர் போய் நின்றார்.

குட்டி இறங்கி வந்தது. கம்பி வழியாகக் கையை நீட்டி, அவருடைய வெள்ளைக் கோட்டுப் பையை ஆற அமரத் துழாவியது.

"போச்சு," என்றார் டாக்டர். "யார் இதைப் பழக்கினது?"

நர்ஸ் கூண்டின் மறுபக்கம் போய் நின்றுகொண்டாள்.

முசுடு தடியைக் கீழே போட்டார். முகமூடியைக் கழற்றினார். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. "இனிமே இது எதுக்கு?" என்று முணுமுணுத்தபடி, ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கூண்டுக்குள் நீட்டினார். "வாடா கண்ணு. இனி உன்னை யாரும் விரட்ட மாட்டாங்க. மூணு மாசமா உன்னைத் தொட்டுப் பார்க்கணும்னு ஆசைடா."

அவர் குரலைக் கேட்டதும் குட்டி அலறிக்கொண்டு மறுபக்கம் ஓடி, நர்ஸின் கோட்டுப் பையை இறுகப் பிடித்துக்கொண்டது.