டச்சு தெரிந்த சாட்சி

செஞ்சி காவல் நிலையத்தில் ராஜாங்கத்தை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கல் உடைக்கிறவன், நின்று பழகியவன்தானே.

“நேத்து சாயங்காலம் ஏழு மணிக்கு மேல எங்க மோட்டார் கொட்டாய்ல பூந்து ஒயரை அறுத்துக்கினு பூட்டாங்க மேடம். மல்லாட்டைப் பயிரு தண்ணியில்லாம காயுது. இவன் வண்டி அங்க ரோட்டோரம் நின்னுது” என்றார் பீர் முகமது.

“என் வண்டி எங்க வேணா நிக்கும் பாய். கிளம்பறதுதான் கஷ்டம்” என்றான் ராஜாங்கம்.

எஸ்.ஐ. மோனிகா நிமிர்ந்தார். “ஏழு மணிக்கு நீ எங்க இருந்த?”

“கிளாஸ்ல மேடம். டச்சு கிளாஸ்.”

“இன்னாது, டச்சா?” ஏட்டுக்கு டீ புரையேறியது.

“சிரிங்க சார், எனக்கே சிரிப்புதான் வருது. அஞ்சாவது தாண்டாத மூஞ்சி, போன்ல வெள்ளக்காரம்மாகிட்ட படிக்குது. நெதர்லாந்துல தக்காளித் தோட்டத்துக்கு ஆள் எடுக்கறாங்க. அவங்க பாஷை பேசினா போதுமாம். அடுத்த வாரம் இன்டர்வியூ. இப்ப கேஸ் போட்டீங்கன்னா பாஸ்போர்ட் வராது மேடம். சாவுற வரைக்கும் சம்மட்டிதான்.”

“எங்க, பேசு பார்க்கலாம்.”

ராஜாங்கம் தொண்டையைச் செருமினான். “இக் பென் ராஜாங்கம். இக் வெர்க் மெட் ஸ்டேன். நான் ராஜாங்கம், கல்லு வேலை செய்யறேன்னு அர்த்தம். மொத நாள் நான் பேசறதைக் கேட்டுட்டு, சளி கட்டிக்கிச்சுன்னு என் பொண்டாட்டி சுடுதண்ணி கொண்டாந்துட்டா.”

பீர் முகமதுவே சிரித்துவிட்டார்.

“புத்தகமெல்லாம் இல்லையா?”

“பேச்சு மட்டும்தான் மேடம். பார்க்கறது, பண்றது எதுவோ அதைச் சொல்லிக்கினே இருக்கணும். ஒரு கிளாஸ் விடமாட்டேன். கல்லு ஒடைக்கறப்பகூட காதுல மாட்டிக்குவேன். இன்னா, கெத்தா எதுவும் சொல்ல முடியாது. பிரியாணி துன்னேன்னு சொல்ல ஆசை. வார்த்தை தெரியல, கஞ்சின்னே சொல்லிட்டேன். அந்த பாஷைல எனக்குப் பொய் சொல்லக்கூட வராது.”

மோனிகா அவனுடைய காய்த்துப்போன கைகளைப் பார்த்தார். அவருடைய அப்பாவுக்கும் அதே கை.

“வண்டி நின்னதுக்காக ஒருத்தன் பொழப்பைக் கெடுக்க முடியாது பாய்” என்றார்.

“டீச்சரையே கேட்டுடுங்க மேடம், நான் கிளாஸ்ல இருந்தேனா இல்லையான்னு.” கீறல் விழுந்த போனை நீட்டினான் ராஜாங்கம்.

மோனிகா வாட்ஸ்அப்பில் டீச்சரைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் விசாரித்தார். கேட்கக் கேட்க அவர் முகம் தெளிந்தது. “ஏழுலருந்து எட்டு வரைக்கும் லைன்லயேதான் இருந்திருக்கான்.”

பீர் முகமது எழுந்து ராஜாங்கத்தின் தோளைத் தொட்டார். “மனசுல வெச்சிக்காதப்பா.”

“பரவால்ல பாய். இந்த மூஞ்சியைக் கண்ணாடில பார்த்தா எனக்கே சந்தேகம் வரும்.”

ஏட்டு நாற்காலியை நகர்த்திப் போட, ராஜாங்கம் உட்கார்ந்தான்.

டீச்சர் இன்னும் பேசி முடிக்கவில்லை. மாணவனைப் பாராட்டத் தொடங்கியிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த மோனிகா, போனைக் கையால் பொத்திக்கொண்டு அவனிடம் தமிழில் சொன்னார்:

“நேத்து நீ பேசினதுல ஒரு தப்புகூட இல்லையாம் ராஜாங்கம்: ‘நான் கொட்டாய்க்குள் இருக்கிறேன், நாய் தூங்குகிறது, ஒயரை அறுக்கிறேன், ஒயர் என்னுடையது இல்லை.’”