மாலைநிழல் டாட் ஆர்க்

வெப்சைட் செய்து கொடுக்கும் அவனுக்கு அந்தத் தெருவில் டாட்காம் என்றுதான் பெயர். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு மேஜை, இரண்டு கம்ப்யூட்டர், வருகிறவர்கள் உட்கார ஒரு சுழல் நாற்காலி. அவ்வளவுதான் அலுவலகம்.

அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். நாற்காலி தானாகச் சுழன்றதில் பயந்துபோய் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்ததுமே டாட்காமுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

“முதியோர் இல்லம் ஒண்ணு ஆரம்பிக்கிறேன் தம்பி. மாலைநிழல்னு பேர். நெட்ல போட்டாத்தான் வெளியூர்ல இருக்கற பிள்ளைங்க கண்ணுல படும்னு சொன்னாங்க.”

“சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க டீச்சர்.” பெயரைத் தட்டிப் பார்த்தான். “டாட் காமை ஒரு ஜன்னல் திரைக் கடைக்காரர் எடுத்துட்டார். டாட் நெட் இருக்கு.”

“நெட்னா வலைதானே? வயசானவங்களைப் பிடிச்சுப் போடற இடம் மாதிரி இருக்காதா?”

“டாட் எக்ஸ்ஒய்இசட் இருக்கு. விலையும் கம்மி.”

“முப்பத்திரண்டு வருஷம் எக்ஸ் என்ன, ஒய் என்னன்னு பிள்ளைங்களைக் கேட்டாச்சு. இனிமே என்னை யாரும் கேக்க வேண்டாம்.”

டாட்காம் சிரித்தான். பிறகு, நகைக்கடைக்காரர் உள்ளறையிலிருந்து பெட்டியை எடுத்துவரும் பவ்யத்தோடு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“டாட் ஆர்க் காலியா இருக்கு டீச்சர். வியாபாரம் பண்றவங்க டாட் காம் வெப்பாங்க. சேவை பண்றவங்க டாட் ஆர்க் வெப்பாங்க. அதைக் கொடுக்கறப்போ யாரும் சர்டிபிகேட் கேக்கறதில்லை. ஆனா பாக்கறவங்க அப்படித்தான் நினைச்சுக்குவாங்க.”

“அந்த மூணு எழுத்தைப் பாத்தே நம்பிடுவாங்களா?”

“அதைப் பாத்துத்தான் நம்புவாங்க.”

டீச்சர் கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.

பதிவு செய்ய மெயில் வேண்டும், மொபைலுக்கு ஓடிபி வரும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும் என்று அவன் அடுக்க அடுக்க, அவர் முகம் வாடியது.

“உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி? எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்.”

“உங்களுக்குச் சிரமமில்லையா தம்பி?”

“எங்க அம்மாவா இருந்தா செய்ய மாட்டேனா?”

டாட்காமின் தொழில்நுட்பம் முழுவதும் இந்த ஒரு வரியில்தான் இருந்தது. பூட்டு வாங்கித் தருகிறேன் என்று போனவன் வீட்டையே தன் பேரில் எழுதிக்கொள்வதுபோல, வாடிக்கையாளரின் டொமைனை, அதாவது அந்த வெப்சைட் விலாசத்தை, தன் பெயரிலேயே பதிந்துவிடுவான். ஆறு மாதம் பொறுப்பான். ஊரெல்லாம் அந்தப் பெயர் பரவியதும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, திருப்பித் தர ஒரு விலை சொல்வான். பல் டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். பேக்கரிக்காரர் அழுதுவிட்டுக் கொடுத்தார்.

டீச்சர் விஷயத்தில் இன்னும் கவனமாக இருந்தான். பில் போடவில்லை. மெசேஜ் அனுப்பவில்லை, எல்லாம் நேரில் பேச்சு. இல்லத்தைப் பற்றி அவர் முத்து முத்தாக எழுதிக் கொடுத்த தாள்களை டைப் அடித்த கையோடு கிழித்துப் போட்டான். நாளைக்கு வழக்கு என்று வந்தால், டீச்சரின் பெயர் ஒரு காகிதத்திலும் இருக்கக் கூடாது.

சைட் அழகாக வந்தது. பூச்செடிகள், வெளிச்சமான அறைகள், நரைத்த தலைகள் சேர்ந்து கேரம் ஆடும் படம். பார்த்துவிட்டு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் படியேறி வந்து அவனுக்கு ஒரு நல்ல பேனா கொடுத்துவிட்டுப் போனார். அன்று மத்தியானம் வரை டாட்காமுக்கு என்னவோ போல இருந்தது. சாப்பிட்டதும் சரியாகிவிட்டது.

ஐந்தாவது மாதம் டீச்சர் போன் செய்தார்.

“உங்க புண்ணியத்துல போன் ஓயவே மாட்டேங்குது தம்பி. சைட்டைப் பாத்தோம், பாத்தோம்னு வந்துக்கிட்டே இருக்காங்க.”

இனிமேல் காத்திருப்பது முட்டாள்தனம் என்று டாட்காமுக்குப் பட்டது. அன்று மாலையே பாஸ்வேர்டை மாற்றினான். சைட்டை மூடி, ‘பராமரிப்பில் உள்ளது’ என்று ஒரு வரி போட்டான். டீச்சர் பதறிக்கொண்டு கூப்பிடுவார் என்று போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான்.

ஒரு வாரம் ஆகியும் அழைப்பு வரவில்லை. ஒன்பதாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். பின்னாலேயே ஒரு கான்ஸ்டபிள்.

டீச்சர் புகார் கொடுத்துவிட்டார் என்பது டாட்காமுக்குப் புரிந்துபோயிற்று. அவன் அசரவில்லை. இந்த நாளுக்காகத்தானே அத்தனை முன்ஜாக்கிரதையும்.

“மாலைநிழல் டாட் ஆர்க் யாரோடது?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“என்னோடது சார்.”

“நிச்சயமா?”

“ஒரு டீச்சரம்மா அவங்களோடதுன்னு சொல்லியிருப்பாங்களே. ஒரு துண்டுச் சீட்டாவது கையில வெச்சிருக்காங்களான்னு கேளுங்க சார். பதிவு என் பேர்ல. மெயில், மொபைல், விலாசம் எல்லாம் என்னோடது. அதுல இருக்கற ஒவ்வொரு எழுத்தும் நான் அடிச்சது.”

“எழுதிக் கொடுப்பீங்களா?”

கேட்டதற்கு மேலேயே செய்தான் டாட்காம். பதிவுச் சான்றைப் பிரிண்ட் எடுத்து, ‘முழு உரிமையாளர் நானே’ என்று அடியில் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு நீட்டினான்.

இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கான்ஸ்டபிளைப் பார்த்துத் தலையசைத்தார். கான்ஸ்டபிள் போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

“டீச்சரம்மா யாரும் எங்ககிட்ட வரலை. சைட் மூடிக்கிடக்குன்னு பதறி ஓடி வந்தவங்க எழுபத்திரண்டு பேர். கட்டாத முதியோர் இல்லத்துல ரூம் தர்றேன்னு அவங்ககிட்ட அட்வான்ஸ் வாங்கின ஆளைத்தான் ஒரு வாரமாத் தேடிக்கிட்டிருந்தோம்” என்றார் இன்ஸ்பெக்டர், தாளைப் பத்திரமாக மடித்துக்கொண்டே.