தட்டின் விளிம்பில் ஒரு விரல்

மாலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து, மேஜைமேல் திறந்து கிடக்கும் ரெக்கார்டு பிளேயரின் வயிற்றுக்குள் விழுகிறது. பழைய சாமான் கடையில் தம்பி பிடித்து வந்தது. தேய்ந்த ஊசியை மாற்றியாயிற்று. தொளதொளத்துப்போன ரப்பர் பெல்ட் செத்த மண்புழு மாதிரி ஓரமாகச் சுருண்டு கிடக்கிறது. அவன் புது பெல்ட்டை மாட்டி, சுழல்தட்டைப் பொருத்தி, அம்மா விட்டுப்போன ஒரே இசைத்தட்டைச் சட்டை நுனியால் துடைத்து வைக்கிறான். பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு அக்கா வந்து நிற்கிறாள். ஊசி இறங்குகிறது. சின்னக் கரகரப்பு, பிறகு பாட்டு, பளிச்சென்று. தம்பியின் முகம் மலர்கிறது. அக்காவுடையது சுருங்குகிறது.

"என்னடா இந்த ஓட்டம் ஓடுது? அம்மா இப்படியா பாடுவாங்க?"

"இதுதான்க்கா சரியான வேகம். நம்ம வீட்ல அப்ப இருந்த பாட்டுப் பொட்டியில பெல்ட் தளர்ந்து மெதுவா ஓடியிருக்கும். அதைக் கேட்டுத்தானே அம்மா பாடினாங்க."

அக்காவின் விரல்நுனியில் தண்ணீர் திரண்டு சொட்டுகிறது. பாட்டு இருவரையும் விட்டுவிட்டு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. தம்பி ஆள்காட்டி விரலைச் சுழலும் தட்டின் விளிம்பில் மெல்ல வைக்கிறான். பாட்டு தயங்குகிறது, இழுக்கிறது, அம்மா துணி மடித்துக்கொண்டே பாடுகிற வேகத்துக்கு வந்து சேர்கிறது.

"விரலை எடுத்துடாதடா" என்கிறாள் அக்கா.