ஆறாவது பட்டன்

ஐந்து பட்டன்களும் வேலை செய்தன.

தண்ணி. சாப்பாடு. பாத்ரூம். வலிக்குது. ஃபேன்.

மாமியார் விரல் வைத்தால் டேப்லெட் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லும். ஒவ்வொரு பட்டனிலும் ஒரு கிளிக் லிசனர். தொடும்வரை காத்திருந்து, தொட்டதும் குரலை ஓடவிடுகிற நாலு வரி நிரல். மருமகளே எழுதியது. குரலும் அவளுடையதுதான்.

பக்கவாதத்தில் மாமியாருக்குப் பேச்சு போய் நாற்பது நாள்.

பகலில் பார்த்துக்கொள்ள வரும் பரிமளா, அவள் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த அறையில் எட்டிப் பார்த்தாள்.

“காலையிலேர்ந்து தட்டிக்கிட்டே இருக்காங்கக்கா. ஒரு சத்தமும் வரல. கண்ணு வேற கலங்குது.”

வலியாக இருந்தால்?

டேப்லெட்டை வாங்கி ஐந்தையும் தொட்டாள். ஐந்தும் பேசின.

அப்புறம் என்ன கேடு இதற்கு?

முழுப் பக்கத்துக்கும் சேர்த்து ஒரு லிசனர் போட்டாள். இனி விரல் எங்கே பட்டாலும் அந்த இடம் லேப்டாப்பில் ஒரு வரியாக வரும். டேப்லெட்டை மாமியார் மடியில் வைத்துவிட்டு வந்து காத்திருந்தாள்.

ஒரு வரி வந்தது. இன்னொன்று. ஏழு வரிகள்.

ஏழும் ஒரே இடம். பக்கத்தின் அடி.

அங்கே பட்டனே கிடையாது. எதைச் செய்தாலும் அடியில் பேர் போடுவது ஆபீஸில் தொற்றிக்கொண்ட பழக்கம். பொடி எழுத்து. யார் படிக்கப்போகிறார்கள் என்று போட்டது.

உருவாக்கியவர்: எஸ்தர்.

கல்யாணமாகி ஆறு வருடம். நேரில் ‘இந்தாம்மா’. மகனிடம் ‘உன் பொண்டாட்டி’. சர்ச்சுக்குப் போகிறவளின் பேரை மாமியார் ஒரு நாளும் வாயில் எடுத்ததில்லை. முதல் வருடம் அழுதாள். பிறகு எதிர்பார்ப்பதை விட்டுவிட்டாள்.

லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த எழுத்தைப் பெரிதாக்கினாள். அதற்கும் ஒரு லிசனர் சேர்த்தாள். குரல் பதிய மைக்கைப் போட்டாள்.

தன் பேரைத் தானே கூப்பிடுவது கஷ்டமாக இருந்தது. மூன்றாவது தடவைதான் குரல் உடையாமல் வந்தது.

கதவு திறந்தே இருந்தது.

“எஸ்தர்.”

பக்கத்து அறையிலிருந்து, டேப்லெட்டில் அவள் குரல்.

கொஞ்சம் பொறுத்து மறுபடியும்.

“எஸ்தர்.”

உடனே எழுந்து போகவில்லை அவள்.

இன்னொரு தடவை கூப்பிடட்டும்.