மூடிக்கு அடியில் வெள்ளை

"வாராவாரம் லூமுட் போய் வர்ற காரு மாதிரி தெரியலியேக்கா," என்றான் மெக்கானிக் சீனி.

புருஷன் வாராவாரம் மீன் பிடிக்கக் கடலோர லூமுட்டுக்கு எடுத்துப் போகிற கார் என்று ஷர்மினிதான் பேச்சுவாக்கில் அவனிடம் சொல்லியிருந்தாள்.

அவள் வந்தது வேறு விஷயத்துக்கு. காலையில் ஆயில் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திருகினால், அடியில் வெள்ளை வெள்ளையாய்த் திட்டு, டின் பாலை வழித்துப் பூசினாற்போல. ஆயிலும் தண்ணியும் கலந்துவிட்டது, இஞ்சின் போச்சு என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்திவிட்டார். புருஷன் யுகேந்திரன் வழக்கம்போல மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்விட்டான். அவளே காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

சீனி அவசரப்படவில்லை. இஞ்சினை ஆறவிட்டு, டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தான். ஆயில் சுத்தம். ரேடியேட்டருக்குள் டார்ச் அடித்தான். தண்ணி குறையவில்லை, மேலே பொட்டு எண்ணெய் மிதக்கவில்லை. ஸ்டார்ட் செய்தும் பார்த்தான், குமிழி வரவில்லை.

"இஞ்சின் கேஸ்கட் போய்த் தண்ணி உள்ள எறங்கியிருந்தா, உள்ள இருக்குற ஆயிலே நுரை பொங்குற தே தாரிக் டீ மாதிரி ஆயிருக்கும். இது மூடியில மட்டும்தான்க்கா. வண்டி நல்லா சூடேறுறதுக்குள்ள நிறுத்திர்றீங்க. உள்ள இருக்குற ஈரம் காயாம மூடியில வந்து ஒட்டிக்குது. இது பத்து நிமிஷ ஓட்டம் ஓடுற வண்டி."

கண்ணாடியில் அவனே ஒட்டிய சர்வீஸ் ஸ்டிக்கரையும் காட்டினான். நாலு மாசத்தில் நானூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. லூமுட்டுக்கு ரெண்டு தடவை போய் வந்தாலே அது தீர்ந்துவிடும். யுகேந்திரண்ணனை நெசமாவே ஒரு தடவை லூமுட் வரைக்கும் ஓட்டச் சொல்லுங்க, தானா சரியாயிரும் என்று சொல்லிச் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலு மாசமாய்ச் சனிக்கிழமை தவறாமல் லூமுட்டுக்கு மீன் பிடிக்கப் போகிறான் யுகேந்திரன். இவளும் இருட்டோடு எழுந்து நெத்திலிச் சம்பலும் சோறும் கட்டிக் கொடுக்கிறாள். மத்தியானம் மீனோடு வந்து நிற்பான். அந்த மீன் செதிள் சுரண்டி, குடல் எடுத்து வரும். தன் குடலைத் தானே உருவிப் போட்டுவிட்டுத் தூண்டிலில் மாட்டுகிற மீன் எந்தக் கடலில் இருக்கிறது? இத்தனை நாளாய் இது ஏன் மண்டையில் உறைக்கவில்லை?

பத்து நிமிஷ ஓட்டம் என்றால் வேறு யார், குமுதாதான்.

வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் இருக்கிற தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் சமையல் வேலை பார்க்கிற குமுதா. புருஷன் இல்லாதவள். சிரித்தால் கன்னத்தில் குழி விழும், பாழாய்ப்போன குழி. நாலு மாசத்துக்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரிக்கு ஏர்கான் மாட்டப் போன யுகேந்திரன், அடுத்த வாரமே கோயிலில் அவளோடு ஓரமாய் நின்று குசுகுசுவென்று பேசினான். என்ன பேச்சு என்று கேட்டதற்கு ஆஸ்பத்திரி விஷயம் என்றான். அந்த ஆஸ்பத்திரிப் பேச்சே நம்ம வீட்டுக்கு வேண்டாம் என்று ஷர்மினிதான் வாயை அடைத்துவிட்டாள். அன்றைக்கே நோண்டியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து, ஹாலில் மாலை போட்டிருந்த அண்ணன் பவித்ரன் படத்துக்கு முன்னால் நின்றாள். அவன் ஜோகூரில் ஆக்சிடென்ட்டில் போய்ச் சேர்ந்தான் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். கொஞ்ச நாளாய் யுகேந்திரனும் இந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். செய்கிற தப்பு உறுத்துகிறது போல.

"எங்கண்ணன் மேல சத்தியம். என்கிட்ட பொய் சொன்னவன நான் சும்மா விடமாட்டேன்."

சனிக்கிழமை எதுவும் தெரியாதவள் மாதிரி சோறு கட்டிக் கொடுத்தாள். சம்பலில் ஒரு பிடி மிளகாய் கூடவே விழுந்தது. போயிட்டு வாரேன் என்று அவன் காரை எடுத்ததும், இவள் அவனுடைய மோட்டார் சைக்கிளை எடுத்தாள்.

கார் லூமுட் பக்கமே திரும்பவில்லை. சீனி சொன்ன அதே பத்து நிமிஷம். ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைந்தது.

மரத்தடி பெஞ்சில் யுகேந்திரன். பக்கத்தில் தண்ணிக் கோப்பையோடு குமுதா. ஷர்மினி ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாய் நடந்தாள். முதல் அடி யாருக்கு என்பதுதான் பாக்கி.

நெருங்கியபோதுதான் பெஞ்சில் இன்னொரு ஆள் இருப்பது தெரிந்தது. ஆஸ்பத்திரிச் சட்டை, நரைத்த தாடி. அவள் கட்டிக் கொடுத்த சோற்றைப் பிசைந்து யுகேந்திரன் அந்த ஆளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தான்.

தாடிக்குள் இருந்தது, அவள் வீட்டு ஹாலில் மாலைக்குள் இருக்கிற அதே முகம்.

வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை மூடிய வருஷம் மனசு சரியில்லாமல் போன அண்ணன். தன்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அவனைச் செத்தவனாக்கியது அவள்தான். பத்து நிமிஷத் தூரத்தில் இருந்துகொண்டு பதினோரு வருஷமாய் எட்டிப் பார்க்கவில்லை.

இன்னும் எத்தனை நாளைக்கு மீன் கதையே சொல்வீங்க, ஒருநாள் ஷர்மினியைக் கூட்டி வரலாமே என்று குமுதா கேட்டுக்கொண்டிருந்தாள். யுகேந்திரன் பதில் சொல்வதற்குள் பவித்ரன் பதறிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் மச்சான். நான் செத்துட்டேன்னு தங்கச்சி எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கு. இருக்கேன்னு தெரிஞ்சா, பாவம், அது பொய் சொன்னதா ஆயிரும்லா."