கோடிட்ட இடம்

"முதல்ல டிஷ்யூவை எடுத்துக்குங்க சார். அப்புறம் பேசலாம்."

"நான் அழ வரலை. சண்டை போட வந்திருக்கேன்" என்றார் வேர்னன் ஹாலக்.

"சண்டைக்கும் முதல்ல டிஷ்யூதான். விதி அப்படி" என்று பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள் இர்மா.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநில வடகோடியில் ஒரு மாவட்ட நீதிமன்றம். மாடியில் அரசு வக்கீல் அலுவலகம். அடித்தளத்தில், கொதிகலனுக்குப் பக்கத்து அறையில், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் பிரிவு. பிரிவு என்றால் இர்மாவும் ஒரு மேசையும்தான். பத்தொன்பது வருடமாக அழுகிறவர்களையும் கத்துகிறவர்களையும் பார்த்து வருகிறாள். கத்துகிறவர்களைத்தான் அவளுக்குக் கொஞ்சம் பிடிக்கும்.

"என்ன போச்சு சார்?"

"ஏரி உறைஞ்சதும் பனிக்கட்டி மேல மீன் பிடிக்கப் போடுவேனே, அந்தக் குடிசை போச்சு. மூணு குளிர்காலமா நானே பலகை அறுத்து, ஆணி அடிச்சுக் கட்டினது. உள்ளே அடுப்பு, மெத்தை வச்ச நாற்காலி. அந்த டெரில் பூக் வண்டியில கட்டி இழுத்துட்டுப் போயிட்டான். போனவன் பச்சை பெயின்ட் அடிச்சு, அதே ஏரியில, கூப்பிடு தூரத்துல போட்டு மீன் பிடிச்சிருக்கான். நான் யாரோன்னு நினைச்சு அவனுக்கு ரெண்டு நாள் கைகூட ஆட்டியிருக்கேன்."

இர்மாவுக்குச் சிரிப்பு முட்டியது. படிவத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"மார்ச்சுல பனி உருகுறதுக்குள்ள கரைக்கு இழுக்கணும்ல? விட்டுட்டான். இப்ப ஏரிக்கு அடியில கிடக்கு. வீட்ல எனக்குன்னு ஒரு மூலை கிடையாது இர்மா. அதுக்குள்ள உட்கார்ந்தாத்தான் நான் மனுஷன்."

பெட்டியிலிருந்து ஒரு டிஷ்யூ குறைந்தது. அவள் பார்க்காதது போல் இருந்தாள். பாவமாகத்தான் இருந்தது.

"அவனுக்கு என்ன தண்டனை தெரியுமா? வர்ற குளிர்காலத்துல நூலகத்து வாசல்ல இருபது மணி நேரம் பனி அள்ளணுமாம். அவன் குத்தத்தை ஒத்துக்கிட்டான்னு, அரசுத் தரப்புல திருட்டைச் சின்னக் குத்தமாக் குறைச்சு ஒப்பந்தம் போட்டாச்சு. முடி வெட்டுற கடையில சொல்லித்தான் எனக்கே தெரியுது. என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"மூணு தடவை போன் பண்ணேன். சார் பிஸின்னாங்க. ரெண்டு கடிதமும் போட்டேன்."

"ஆபீஸ் கடிதத்தையெல்லாம் யாரு பிரிச்சுப் பாக்குறா?"

"அதையும் எழுதிக்கிறேன் சார்."

"நான் யாருன்னு தெரியுதுல்ல?"

"பாதிக்கப்பட்டவர். இந்த அறையில அது போதும்." அவள் ஓர் அட்டையை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். "மூணு மணிக்கு நீதிபதி தண்டனை சொல்றதுக்கு முன்னால, எழுந்து நின்னு உங்க மனக்குறையைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதைக் கேட்டு நீதிபதி ஒப்பந்தத்தைத் தள்ளவும் செய்யலாம்..."

"தெரியும்."

"தெரிஞ்சாலும் வாசிக்கணும். சரி, சொல்லுங்க, எழுதுறேன்."

ஹாலக் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டார். நடந்தபடியே சொன்னார். சின்ன அறை, நாலடிக்கு ஒருமுறை திரும்ப வேண்டியிருந்தது.

"கனம் நீதிபதி அவர்களே, என் குடிசையைத் திருடினது டெரில். ஆனா என் மனசை உடைச்சது அவன் இல்லை. யார் பொருள், யார் வலின்னு ஒரு வரிகூடப் படிக்காம, மாடியில உட்கார்ந்து இதுக்குக் கையெழுத்துப் போட்டானே ஒரு மரமண்டை, அவன்தான். அவன் பேரு... பேருக்கு ஒரு கோடு போட்டு இடம் விடும்மா."

"மரமண்டை இருக்கட்டுமா சார்?"

"அடிக்கோடு போடு."

போட்டாள்.

"மூணு மணிக்கு ஊரே கேக்கட்டும். இப்ப அந்த ஒப்பந்தத்தை எடு. எவன்னு பாத்துப் பேரை நிரப்பிடுவோம். விட்டா இன்னும் எத்தனை பேர் வயித்தெரிச்சலைக் கொட்டிப்பானோ."

இர்மா கோப்பை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள். பாதிக்கப்பட்டவர் பெயர் வெளியே தெரியக்கூடாது என்பதால் அந்த இடத்தில் வெறும் எண்தான் இருந்தது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்து. ஹாலக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"போன வெள்ளிக்கிழமை நாப்பது கோப்பு உங்க மேசைக்கு வந்துச்சு. மீன் சாப்பாட்டுக்கு நேரமாச்சுன்னு இருபதே நிமிஷத்துல முடிச்சு அனுப்பிட்டீங்க" என்று சொல்லிப் பேனாவை நீட்டினாள் இர்மா. "பேரை நீங்களே எழுதிடுங்க, அரசு வக்கீல் சார்."